அறிவியல் படங்களின் தெளிவை ஆழ்கற்றலால் கூட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுண்ணோக்கிப் படங்களோடு பல வருடங்களாகப் புழங்கி வருகிறேன். "இந்த மங்கலான படத்தை ஏஐ வைத்துச் சரிசெய்ய முடியுமா?" என்று கேட்டு வருபவர்கள் இப்போது அதிகம். முடியும். ஆனால் அப்படிக் கிடைத்த படத்தில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

படத்தைப் பெரிதாக்குவதும் பிரிதிறனைக் கூட்டுவதும் ஒன்றுதானா?

இல்லை. இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். 512-க்கு 512 பிக்சல் உள்ள படத்தை 2048-க்கு 2048 ஆக்க எந்த மென்பொருளாலும் முடியும். பக்கத்துப் பிக்சல்களின் மதிப்பைக் கலந்து இடையில் நிரப்பினால் போதும். பிக்சல்கள் 16 மடங்கு ஆகிவிடும், ஆனால் கண்ணுக்குப் புதிதாக எதுவும் தெரியாது. பிரிதிறன் என்பது வேறு. நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகள் இரண்டாகவே தெரிகின்றனவா, ஒரே திட்டாகத் தெரிகின்றனவா என்பதுதான் அது.

ஆழ்கற்றல் (டீப் லேர்னிங்) மாடல், அதாவது உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் ஏஐ நிரல், ஆயிரக்கணக்கான ஜோடிப் படங்களைப் பார்த்துப் பழகியிருக்கும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரே இடத்தின் மங்கலான படம் ஒன்று, கூர்மையான படம் ஒன்று. இப்படி மங்கித் தெரிந்தால் அடியில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்பது அதற்குள் படிந்துவிடும். புதிய படம் ஒன்றைக் கொடுத்தால், அந்தப் பழக்கத்தை வைத்து விடுபட்டதை நிரப்பும்.

ஓர் எழுத்து அழிந்துபோன வரியை நாம் படிப்பதும் இப்படித்தான். 'அடுத்த வா_ம் வருகிறேன்' என்று இருந்தால் யோசிக்காமல் 'வாரம்' என்று படிப்போம். 'வா_ம் இருண்டு கிடந்தது' என்றால் 'வானம்'. அந்த எழுத்து தாளில் இல்லை, தமிழ் தெரிந்த நம் தலையிலிருந்து வந்தது. இந்த உதாரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் தேவைப்படும்.

ஒளியியலில் எல்லை ஒன்று உண்டே? அதை மாடல் தாண்டிவிடுமா?

எர்ன்ஸ்ட் அபே 1873-இல் சொன்ன எல்லை அது. ஒளியின் அலைநீளத்தை, லென்ஸின் எண்துளையைப் (லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியை வாங்கும் என்று சொல்லும் எண்) போல் இரண்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் தூரத்துக்குக் கீழே எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. 500 நானோமீட்டர் அலைநீளமும் 1.4 எண்துளையும் உள்ள நல்ல லென்ஸுக்கு அது கிட்டத்தட்ட 180 நானோமீட்டர்.

இந்த எல்லையை உண்மையிலேயே தாண்டியவர்கள் இருக்கிறார்கள். எரிக் பெட்ஸிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் மூவருக்கும் 2014-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். ஒளிரும் மூலக்கூறுகளை அணைத்தும் ஏற்றியும் வேலை செய்யும் முறைகள் அவர்களுடையவை. அதற்கு விலை உண்டு. ஹெல்லின் ஸ்டெட் முறையில் மாதிரியின் (படமெடுக்க வைத்த பொருளின்) மேல் வலுவான லேசர் விழும். பெட்ஸிக்கின் பாம் முறையில் ஒரே ஒரு படத்துக்காக ஆயிரக்கணக்கான சட்டங்கள் (ஃபிரேம்கள்) எடுக்க வேண்டும். உயிருள்ள செல் அவ்வளவு நேரம் அசையாமல் இருக்காது.

ஆழ்கற்றல் அந்த வகையில் எல்லையைத் தாண்டுவதில்லை. லென்ஸ் வழியாக வராத தகவல் படத்தில் கிடையாது. மாடல் கொடுக்கும் கூடுதல் நுணுக்கம் பயிற்சிப் படங்களிலிருந்து வருகிறது. அந்தப் படங்களை எடுத்த கருவி எல்லையைத் தாண்டியிருந்தால், மாடலின் படமும் தாண்டியதுபோலத் தெரியும். அளந்து பார்த்தது ஒன்று, ஊகித்து நிரப்பியது ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி கூர்மையாக இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஆழ்கற்றல் வருவதற்கு முன்னால் என்ன செய்தார்கள்?

ஒரு புள்ளி கருவி வழியாக எப்படிப் பரவித் தெரியும் என்று அளந்துகொண்டு, அந்தப் பரவலைக் கணக்குப் போட்டுத் திருப்பினார்கள். 1972-இல் ரிச்சர்ட்சனும் 1974-இல் லூசியும் தனித்தனியாகக் கண்டுபிடித்த முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1990-இல் ஹப்பிள் தொலைநோக்கி மேலே போனபோது அதன் முதன்மைக் கண்ணாடி விளிம்பில் சுமார் 2 மைக்ரான் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது தெரியவந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்யும்வரை வானியலாளர்கள் இந்த வகைக் கணக்குகளை வைத்துத்தான் படங்களை ஓரளவு மீட்டெடுத்தார்கள்.

இந்த முறைக்குக் கருவியின் இயற்பியல் மட்டும் தெரிந்தால் போதும், மாதிரிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. அதனால் என் யோசனை: இது போதுமானதாக இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாடல் அப்புறம்.

மாடலை எப்படிப் பயிற்றுவிக்கிறார்கள்?

2014-இல் சாவ் டோங் குழுவினர் மூன்றே அடுக்குள்ள ஒரு நரம்பியல் வலையைக் கொண்டு, அதுவரை இருந்த முறைகளைவிட நன்றாகச் செய்யலாம் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கிலிருந்து யூ-நெட் வந்தது. செல்களின் எல்லையைப் பிரித்துக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது அது. இன்று நுண்ணோக்கிப் படத்தைச் சீராக்கும் மாடல்களில் பெரும்பகுதி அதன் வாரிசுகள்தான்.

மாடலைவிட ஜோடிகள் எப்படிக் கிடைத்தன என்பதே முக்கியம். ஒரே இடத்தை இரண்டு முறை, ஒருமுறை குறைந்த ஒளியில், ஒருமுறை நிறைந்த ஒளியில் எடுப்பது நேரான வழி. அது முடியாதபோது கூர்மையான படத்தை எடுத்து, கணினியில் வேண்டுமென்றே கெடுத்து ஜோடி செய்வார்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். படத்தை வெறுமனே சிறிதாக்கிப் பயிற்சி கொடுத்தால், உண்மையான கருவியில் வரும் இரைச்சலையும் (படத்தில் தூவியதுபோல வரும் பொய்ப் புள்ளிகள்) மங்கலையும் அந்த மாடல் பார்த்ததே கிடையாது. சோதனையில் பிரமாதமாக வரும், மேசைக்கு வந்தால் சொதப்பும். எப்படிக் கெடுக்கிறோம் என்பது ஒரு தனி வேலை. சால்க் நிறுவனத்தின் குழு ஒன்று 2021-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் இதை கவனமாகச் செய்து, 16-இல் ஒரு பங்கு பிக்சல்களோடு எடுத்த படங்களைச் சீராக்கிக் காட்டியது. அந்த வேலையில் எனக்குப் பிடித்த விஷயம், பயிற்சிக்குச் செயற்கை ஜோடிகளைப் பயன்படுத்தினாலும், சோதனைக்கு உண்மையிலேயே குறைந்த பிக்சலில் எடுத்த படங்களையும் வைத்துப் பார்த்தார்கள் என்பதுதான்.

ஜோடியே எடுக்க முடியாத இடத்தில் சாமர்த்தியமான வழிகளும் உண்டு. பூமியைப் படமெடுக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் 13 பட்டைகளில், அதாவது ஒளியின் 13 அலைநீளப் பகுதிகளில், படம் எடுக்கிறது. அதில் 4 பட்டைகள்தான் 10 மீட்டர் நுணுக்கம், அதாவது ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டர். 6 பட்டைகள் 20 மீட்டர், மீதி 3 பட்டைகள் 60 மீட்டர். 20 மீட்டர் பட்டையை 10 மீட்டராக்கப் பயிற்சி கொடுக்க உண்மையான 10 மீட்டர் படம் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் ஒரு படி சிறிதாக்கி, 40-இலிருந்து 20-க்குப் போகக் கற்றுக்கொடுத்து, கற்றதை 20-இலிருந்து 10-க்குப் பயன்படுத்தினார்கள். ஒரு அளவில் செல்லுபடியாவது அடுத்த அளவிலும் செல்லுபடியாகும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. வயல் வரப்புகளுக்கு அது பெரும்பாலும் சரி. செல்லின் உள்ளே அப்படி நம்ப எனக்குத் துணிவில்லை.

உண்மையிலேயே எங்கே பயன்படுகிறது?

யாராவது சந்தேகத்தோடு வந்தால் நான் முதலில் சொல்வது தட்டைப்புழுவின் கதையைத்தான். பிளனேரியா என்ற அந்தச் சிறிய புழு ஒளி பட்டாலே துடிக்கும். தெளிவான படத்துக்கு வேண்டிய ஒளியைப் பாய்ச்சினால் புழு அசைந்துவிடும், ஒளியைக் குறைத்தால் படம் முழுக்க இரைச்சல். டிரெஸ்டனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் குழு 2018-இல் வெளியிட்ட கேர் என்ற முறை இதற்கு வழி காட்டியது. அசையாமல் பதப்படுத்திய புழுக்களில் குறைந்த ஒளி, நிறைந்த ஒளி ஜோடிகளை எடுத்து மாடலுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அப்புறம் உயிருள்ள புழுவை மிகக் குறைந்த ஒளியில் எடுத்து மாடலிடம் கொடுத்தார்கள். வழக்கமாகத் தேவைப்படும் ஒளியில் 60-இல் ஒரு பங்கு வரை குறைத்தும் வேலை செய்ய முடிந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது படத்தின் அழகு இல்லை. அந்தப் புழுவை உயிரோடு, அதன் போக்கில் பார்க்க வேறு நல்ல வழி இருக்கவில்லை. ஒளி செல்லைக் கொல்கிறது, சாயத்தை வெளுக்கவைக்கிறது. ஒளியை மிச்சப்படுத்தினால் இன்னும் அதிக நேரம், இன்னும் பல முறை பார்க்கலாம். ஆழ்கற்றலின் உண்மையான கொடை அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அதே 2018-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்துக் குழு ஒன்று, பாம் வகைப் படங்களுக்குத் தேவையான சட்டங்களின் எண்ணிக்கையை இதே பாணியில் வெகுவாகக் குறைத்துக் காட்டியது. எம்ஆர்ஐ ஸ்கேனில் நோயாளி உள்ளே படுத்திருக்கும் நேரத்தைக் குறைக்க, நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவும் ஃபேஸ்புக்கின் ஏஐ பிரிவும் 2018-இல் ஃபாஸ்ட்எம்ஆர்ஐ என்ற திட்டத்தைத் தொடங்கின. எல்லாவற்றிலும் கணக்கு ஒன்றுதான்: ஒளியோ நேரமோ பிக்சலோ, ஏதோ ஒன்றைக் குறைத்து எடுத்து, குறைந்ததை மாடலிடம் கேட்டு வாங்குகிறார்கள்.

இல்லாததை வரைந்துவிடுமா?

வரையும். சில நேரம் இருப்பதை அழிக்கவும் செய்யும்.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். நலமான செல்களின் மைட்டோகாண்ட்ரியாப் படங்களில் ஒரு மாடலைப் பயிற்றுவித்திருந்தோம். நலமான செல்லில் மைட்டோகாண்ட்ரியா நீண்ட நூல்களாக ஓடும். அதே மாடலிடம் மருந்து கொடுத்த செல்களின் படங்களையும் கொடுத்தோம். அந்த மருந்தில் நூல்கள் துண்டு துண்டாக உடைய வேண்டும், எத்தனை துண்டு என்று எண்ணுவதுதான் வேலையே. வந்த படங்கள் அவ்வளவு அழகு. ஆனால் துண்டுகளின் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. மருந்து வேலை செய்யவில்லை என்றே கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டோம். மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: அருகருகே கிடந்த துண்டுகளை மாடல் நூலாக ஒட்டவைத்திருந்தது. அது பார்த்து வளர்ந்ததெல்லாம் நூல்கள். வானிலைக் குறிப்புகளை மட்டுமே படித்து வளர்ந்த ஒருவர் எந்த 'வா_ம்' வந்தாலும் 'வானம்' என்றுதானே படிப்பார்? அன்றைக்கு வந்த பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

பொதுவெளியிலும் இப்படி ஒன்று நடந்தது. 2020-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான பல்ஸ் என்ற மாடலிடம், கட்டம் கட்டமாக மங்கவைத்த பராக் ஒபாமாவின் படத்தை யாரோ கொடுக்க, தெளிவான ஒரு வெள்ளைக்காரர் முகம் வெளியே வந்தது. அந்த முகத்தைத் திரும்பச் சிறிதாக்கினால் கொடுத்த மங்கலான படத்தோடு ஒத்துப்போகும் விதமாகத்தான் மாடல் தேடியிருந்தது. ஆக, கொடுத்த படத்தோடு ஒத்துப்போவது மட்டும் போதாது. ஒரே மங்கலான படத்துக்கு அடியில் எத்தனையோ கூர்மையான படங்கள் இருக்கலாம்.

ஃபாஸ்ட்எம்ஆர்ஐ 2020-இல் நடத்திய போட்டியிலும், சில படங்களில் உண்மையில் இல்லாத அமைப்புகள் தோன்றியிருப்பதைக் கதிரியக்க மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். மூளையின் படத்தில் அப்படி ஒன்று வந்தால் அதற்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை.

பழைய முறைகள் தவறு செய்தால் கண்ணுக்கே தெரியும். வளையங்கள் வரும், இரைச்சல் பொங்கும். ஆழ்கற்றலின் தவறு, சரியானதைப் போலவே நேர்த்தியாக இருக்கும்.

பிஎஸ்என்ஆர், எஸ்எஸ்ஐஎம் எண்கள் நன்றாக வந்தால் போதாதா?

போதாது. மாடல் தந்த படம் உண்மைப் படத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் அந்த எண்கள் படம் முழுவதற்குமான சராசரி. எங்கள் துண்டுகள் ஒட்டிய இடம் மொத்தப் பிக்சல்களில் ஒரு சிறு பங்குகூட இருக்காது, எண் அசையவே அசையாது. இன்னொரு சிக்கலும் உண்டு. இஸ்ரேலின் டெக்னியானைச் சேர்ந்த பிளாவ், மைக்கேலி இருவரும் 2018-இல் கணித வழியில் காட்டியது இது: உண்மைப் படத்தோடு பிழை குறைவாக இருப்பதும், பார்க்க இயல்பாக இருப்பதும் ஒரு கட்டத்துக்கு மேல் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும். பிழையைக் குறைக்கப் பயிற்சி பெற்ற மாடல் சந்தேகமான இடத்தைச் சற்று மழுங்கலாக விடும். இயல்பாகத் தெரியப் பயிற்சி பெற்ற, படங்களைப் புதிதாக உருவாக்கும் கான் வகை மாடலும் டிஃப்யூஷன் மாடலும் அந்த இடத்தில் ஏதோ ஒன்றைத் துணிந்து வரைந்துவிடும். அறிவியல் படத்துக்கு எனக்கு முதல் வகைதான் வேண்டும். மழுங்கல் ஒரு நேர்மையான பதில்.

அப்படியானால் மாடலை எப்படிச் சோதிப்பது?

சோதனைப் படங்களைப் பயிற்சிப் படங்களிலிருந்து முழுதாகப் பிரித்து வையுங்கள். ஒரே படத்தைச் சிறு சதுரங்களாக வெட்டி, பாதியைப் பயிற்சிக்கும் பாதியைச் சோதனைக்கும் வைப்பது பலரும் செய்யும் தவறு. வேறு நாளில் தயாரித்த வேறு மாதிரியில் சோதியுங்கள். நீங்கள் எதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்களோ, மருந்து கொடுத்ததோ மரபணு மாற்றியதோ, அந்த வகையிலும் கொஞ்சம் உண்மையான கூர்மையான படங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து இருந்தாலும் போதும், ஒன்றுகூட இல்லாமல் இறங்காதீர்கள்.

கடைசியில் எதை அளக்கப் போகிறீர்களோ அதையே ஒப்பிடுங்கள். துண்டு எண்ணுவதாக இருந்தால், மாடல் படத்தில் எத்தனை, உண்மைப் படத்தில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

அப்புறம், ஒரே தரவில் நாலைந்து மாடல்களைத் தனித்தனியாகப் பயிற்றுவித்து ஒரே படத்தைக் கொடுத்துப் பாருங்கள். அவை எங்கே முரண்படுகின்றனவோ அங்கே தகவல் குறைவு என்று அர்த்தம். கேர் மாடலே பிக்சல் வாரியாகத் தன் சந்தேகத்தைச் சொல்லும்படி பயிற்றுவிக்கலாம். எல்லா மாடலும் ஒரே விதமாகத் தவறவும் வாய்ப்பு உண்டு, அதனால் ஒத்துப்போவதை நிரூபணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கூர்மையான படத்தைத் திரும்ப மங்கவைத்து மூலத்தோடு ஒப்பிடுவதும் நல்ல சோதனை. 2018-இல் வந்த ஸ்க்விரல் என்ற கருவி இதைச் செய்து, பிழை எங்கே என்று வரைபடமாகவே காட்டும். ஒபாமா படத்தில் பார்த்ததுபோல இதில் தேறினால் மட்டும் படம் சரி என்றாகிவிடாது. தேறாவிட்டால் நிச்சயம் தவறு.

இன்னொன்று, செலவே இல்லாதது: மாதிரியே வைக்காமல் எடுத்த வெறும் இரைச்சல் படத்தை மாடலிடம் கொடுங்கள். அதில் நூல்களும் குழாய்களும் முளைத்தால் அந்த மாடலை ஒதுக்கிவிடலாம்.

இணையத்தில் கிடைக்கும் தயார் மாடலைப் பயன்படுத்தலாமா?

தொடக்கத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், அதை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் கருவி, உங்கள் சாயம், உங்கள் மாதிரி எல்லாம் வேறு. உங்கள் படங்களைக் கொடுத்து மறுபயிற்சி செய்யுங்கள்.

நிரல் எழுதத் தெரியாது. பெரிய கணினியும் இல்லை. முடியுமா?

முடியும். நுண்ணோக்கிப் படங்களுக்கான இலவச மென்பொருளான ஃபிஜியிலேயே இதற்கான செருகுநிரல்கள் இருக்கின்றன. 2021-இல் வெளியான ஜீரோகாஸ்ட்டிஎல்4மைக் என்ற தொகுப்பு, உலாவி வழியாக இலவச ஜிபியுவில் (மாடல் பயிற்சிக்கான வேகமான கணிப்புச் சில்லு) மாடலைப் பயிற்றுவிக்க உதவுகிறது. நன்றாகப் பொருந்திய சில டஜன் ஜோடிகளிலிருந்தே தொடங்கலாம், அவற்றைச் சிறு சதுரங்களாக வெட்டினால் ஆயிரக்கணக்கில் ஆகிவிடும். ஜோடிகள் ஒரு பிக்சல்கூடப் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் மாடல் கற்றுக்கொள்வது மங்கலைத்தான்.

கூர்மையான படமே எடுக்க முடியாதென்றால், 2018-இல் வந்த நாய்ஸ்2நாய்ஸ், 2019-இல் வந்த நாய்ஸ்2வாய்டு ஆகியவை இரைச்சல் படங்களை மட்டும் வைத்தே பயிற்சி பெறும். இரைச்சல்தான் குறையும், பிரிதிறன் கூடாது. பல நேரம் தேவையே அதுதான்.

வானியலில்?

எம்87 விண்மீன் மண்டலத்தின் கருந்துளைப் படம் 2019-இல் வெளியானது நினைவிருக்கும். உலகெங்கும் சிதறிக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கிகளால் எடுத்தது என்பதால் தரவில் பெரிய இடைவெளிகள் இருந்தன. 2023-இல் பிரிமோ என்ற முறை, கணினியில் உருவாக்கிய 30,000-க்கும் மேற்பட்ட பாவனைப் படங்களிலிருந்து கற்றுக்கொண்டு அந்த இடைவெளிகளை நிரப்பியது. வளையம் பாதியளவு மெலிந்து தெரிந்தது. அது ஆழ்கற்றல் இல்லை, பழைய புள்ளியியல் வகைக் கற்றல். ஆனால் இங்கும் அதே கேள்விதான். கற்றுக்கொண்ட படங்களெல்லாம் நம் கோட்பாடுகளிலிருந்து வந்தவை. கிடைத்த படத்தை வைத்து அந்தக் கோட்பாடுகளையே சோதிக்கப் போனால் மிகுந்த கவனம் வேண்டும்.

ஆய்வுக்கட்டுரையில் இந்தப் படங்களைப் போடலாமா?

போடலாம், மறைக்காமல். மூலப் படத்தைப் பக்கத்திலேயே காட்டுங்கள். எந்த மாடல், எந்தத் தரவில் பயிற்சி, எப்படிச் சோதித்தீர்கள் என்று எழுதுங்கள். பயிற்சித் தரவையும் நிரலையும் பொதுவில் வையுங்கள். ஒளிச்செறிவை அளந்து புரதம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதாக இருந்தால் மூலப் படத்திலேயே அளக்க வேண்டும், மாடல் அந்த எண்களைத் தன் போக்கில் மாற்றியிருக்கும். மூலக் கோப்புகளை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள். இடம் போதவில்லை என்று அழித்துவிட்டுப் பிறகு வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு மங்கலான படம். அந்த மாதிரி இனிக் கிடைக்காது. என்ன செய்வது?

மனதுக்குக் கஷ்டமான கேள்வி, அடிக்கடி வருவதும் இதுதான். முதலில் ரிச்சர்ட்சன்-லூசி போன்ற பழைய முறையில் முயன்று பாருங்கள். இரைச்சல் அதிகம் என்றால் நாய்ஸ்2வாய்டு, அது அந்த ஒரு படத்திலிருந்தே கற்றுக்கொள்ளும். இரண்டும் போதாமல் பிரிதிறன் கூட்டும் மாடலுக்குப் போவதாக இருந்தால், வரும் படத்தை எங்கே தேடுவது என்று காட்டும் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரியே கிடைக்காவிட்டாலும் அதே வகையில் இன்னொன்றைத் தயாரிக்க முடிந்தால், இந்த முறை நல்ல லென்ஸில், தேவையான ஒளியில் எடுத்து, கண்டதை உறுதிசெய்யுங்கள். முடியாவிட்டால் அது குறிப்பாகவே இருக்கட்டும்.